புதன்கிழமைப் பின்னேரம்: திருகோணமலையில் சிறுபிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒரு வழிகாட்டி

முதல் நாள் நான் கொண்டுபோன செயற்பாட்டுத் தாள்களில் நான்கை ஒரு மான் தின்றுவிட்டது. பிரெட்றிக் கோட்டை வாசலுக்கு வெளியே மர நிழலில் பாய் விரித்து, ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு வர்ணப் பென்சில் என்று வடிவாக அடுக்கி வைத்திருந்தேன். ‘இலைகளுக்கு நிறம் தீட்டுக’ என்று தாளின் தலையில் அச்சடித்திருந்தது. வந்தவர்களின் பெயரை எழுதக் குனிந்த இடைவெளியில், "ரீச்சர், மான் பேப்பர் தின்னுது!" என்று ஒரு பிள்ளை கத்தினாள். திரும்பிப் பார்த்தால் பெண்மான் ஒன்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. தாடை பக்கவாட்டில் அசைவதை எட்டுப் பிள்ளைகளும் வாய்பிளந்து பார்த்தார்கள். மீதித் தாள்களை நான் அப்படியே பைக்குள் வைத்துவிட்டேன். பிறகு ஒருநாளும் தாள் கொண்டுபோகவில்லை. மானுக்கும் அது கூடாது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு 5 முதல் 8 வயது வரையான பிள்ளைகளை வாரத்தில் ஒருநாள் வெளியே கூட்டிப்போய், மரம், மணல், பூச்சி, பறவை என்று பழக விட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலர் பாடசாலை ரீச்சராக இருக்கலாம், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த அம்மாவாக இருக்கலாம், ஓய்வுபெற்ற தாத்தாவாகவும் இருக்கலாம். டென்மார்க் பக்கம் காட்டுக்குள்ளேயே பாலர் பள்ளி நடத்துகிறார்கள். 1993இல் அதைப் பார்த்துவந்த இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரிலும் தொடங்கினார்கள். படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அங்கேயுள்ள காடும் குளிரும் மழைச்சட்டையும் நமக்குச் சரிவராது. நமக்கு வெயில் இருக்கிறது, கடல் இருக்கிறது, பஸ் நிலையத்தருகிலேயே புள்ளிமான் நிற்கிறது. அதற்கேற்ற மாதிரித்தான் செய்ய வேண்டும்.

நாளும் நேரமும்

பள்ளிக்கூடம் ஒன்றரை இரண்டு மணிக்கு விடும். அந்த நேரத்து வெயிலில் பிள்ளைகளை நேரே வெளியே கூட்டிப்போக வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, நாலு மணிக்கு வரட்டும். ஐந்தரைக்கு முடியுங்கள். ஒன்றரை மணி நேரம் இந்த வயதுக்குத் தாராளம். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும் என்பதால் அப்போது மூன்றரைக்கே தொடங்கலாம்.

கிழமையை எடுத்தால், வெள்ளி சரிவராது: சிலருக்குக் கோயில், சிலருக்கு ஜும்ஆ. சனி, ஞாயிறு ரியூசனும் அறநெறியும் நிறைந்தவை. குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எந்த நேரம் என்று உம்மாமாரிடம் முதலே கேட்டுவிடுங்கள். எங்களுக்குப் புதன் பொருந்தியது. உங்களுக்கு வேறு நாள் பொருந்தலாம். ஆனால் ஒருமுறை வைத்த நாளை மாற்றாதீர்கள். ‘புதன் என்றால் மானடி’ என்று பிள்ளை தானாகச் சொல்லும் அளவுக்கு அது பழகவேண்டும்.

தொகை ஆறிலிருந்து எட்டு. நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கடற்கரைக்குப் போகும் நாளில் மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்பது என் கணக்கு. எத்தனை பிள்ளைகள் வந்தாலும் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையக்கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு வகுப்பு இல்லை, அவ்வளவுதான்.

இடம்: ஒன்றே ஒன்று

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். நானும் விட்டேன். முதல் வாரம் கோட்டை வாசலும் டச்சுக்குடாவும், இரண்டாம் வாரம் கோணேசர் மலை, மூன்றாம் வாரம் கன்னியா, அதற்குப் பிறகு நிலாவெளி, புறாமலை என்று பட்டியல் போட்டேன். பார்க்க நன்றாக இருந்தது. நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் புது இடத்தைக் கண்டு ஓடித்திரிந்தார்கள், களைத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். எதையும் பார்க்கவில்லை. சுற்றுலா வேறு, இது வேறு.

ஒரு இடத்தைத் தெரிவுசெய்து, வருடம் முழுக்க அங்கேயே போங்கள். ஒரே மரம், ஒரே மணல்திட்டு, ஒரே வேலி. மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் பிள்ளைகளின் கண் திறக்கும். "போன கிழமை இந்தக் கூடு இருக்கேல்லை" என்று ஒருவன் சொல்லுவான். அந்த வசனம் வருவதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

எப்படித் தெரிவுசெய்வது? நிழல் வேண்டும். பத்து நிமிடத்துக்குள் ஓட்டோ வந்து நிற்கக்கூடிய பாதை வேண்டும். பக்கத்தில் மலசலகூடம் வேண்டும். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, முதல் அரைமணி நேரத்திலேயே யோசிக்க வேண்டி வரும். வாகனம் ஓடும் வீதிக்கும் உங்களுக்கும் நடுவே வேலியோ மதிலோ இருந்தால் நல்லது. குப்பை கொட்டும் இடமாக இருக்கக்கூடாது. மண் கொஞ்சமாவது வெறுமையாகக் கிடக்க வேண்டும். சீமெந்து போட்ட பூங்காவில் எறும்புகூடப் பார்க்கக் கிடைக்காது.

டச்சுக்குடாக் கரைக்கு ஒரு வசதி உண்டு. நம்முடைய கடல் கிழக்கே இருப்பதால், பின்னேரச் சூரியன் நம் முதுகுப் பக்கம் போய்விடும். நாலரைக்கு மேல் கரையோர மரங்களின் நிழல் கடலை நோக்கி நீளும். தரையில் ஒரு தடியை நட்டு, அதன் நிழல் நுனியில் சிப்பி ஒன்றை வைத்துவிட்டு, போகும்போது திரும்பிப் பாருங்கள். நிழல் சிப்பியை விட்டு நகர்ந்திருக்கும். இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கடலே வேண்டாம் என்றால், பெரிய வளவுள்ள யாராவது ஒரு அப்பம்மாவின் வீட்டுப் பின்பக்கம் போதும். உண்மையில் தொடங்குவதற்கு அதுதான் நல்ல இடம். ஒரு வேம்பு, ஒரு முருங்கை, கிணற்றடி, கோழி. ஒரு தவணைக்குக் காணும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றிலும் கைவைத்து எது கூடச் சூடு என்று கண்டுபிடிப்பது அருமையான விளையாட்டுத்தான். ஆனால் அது விடுமுறை நாளில், பெற்றோரோடு.

கேட்க வேண்டியவர்களிடம் கேட்பது

கோட்டைப் பக்கம் இராணுவம் இருக்கிறது. துறைமுகப் பக்கம் கடற்படை இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளோடு வாரா வாரம் வந்து உட்காருபவர் யார் என்று அவர்களுக்குக் கேள்வி வருவது நியாயம். முதலே போய் முகத்தைக் காட்டி, எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லிவிடுங்கள். கோயில் வளவென்றால் நிர்வாகத்திடமும், பள்ளி மைதானமென்றால் அதிபரிடமும் கேளுங்கள். கிராம சேவகருக்கும் ஒரு வார்த்தை. வீட்டாரில்லாத பெரியவர்கள் உதவிக்கு வருவதாக இருந்தால் பொலிஸ் நற்சான்றிதழ் கேளுங்கள், உங்களுடையதையும் பெற்றோரிடம் காட்டுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். கேட்டபிறகு யாரும் கோபித்ததில்லை.

பெற்றோரிடம் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை: இரண்டு தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை, இழுப்பு, வலிப்பு, பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பது. அந்தத் தாளில் பெயரில்லாத மாமா வந்து நின்றால், பிள்ளை "மாமா" என்று ஓடிப்போனாலும், அம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுத்த பிறகுதான் விட வேண்டும். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியே மறைவுக்குப் போவதில்லை என்பது எங்கள் சட்டம், மலசலகூடத்துக்கும் இரண்டு இரண்டாகத்தான். சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கத்தைப் பெற்றோருக்கும் கொடுத்து வையுங்கள்.

பைக்குள் என்ன

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். பிள்ளைக்கு ஒரு போத்தல் அவர்களே கொண்டுவருவார்கள், அதைவிட ஐந்து லீற்றர் கான் ஒன்று உங்களிடம் இருக்கட்டும், கைகழுவவும் வேண்டுமல்லவா. சவர்க்காரம், பழைய துணி, பிளாஸ்டர், ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட், நுளம்புக் கிறீம், ஒரு விசில். பூதக்கண்ணாடி இரண்டு போதும், ஆளுக்கொன்று கொடுத்தால் எறிந்து விளையாடுவார்கள். தேங்காய்ச் சிரட்டை பத்துப் பன்னிரண்டு: தோண்டவும் அள்ளவும் பூச்சியை இரண்டு நிமிடம் வைத்துப் பார்க்கவும் அதைப்போல ஒரு சாமான் கடையில் இல்லை.

சாப்பாட்டுக்கு அவித்த கடலை, வாழைப்பழம், காலம் வந்தால் பனங்கிழங்கு. வறுத்த கச்சானும் கொடுக்கலாம், ஆனால் யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று அந்தத் தாளைப் பார்த்துவிட்டு. பொலித்தீன் உறையில் வரும் எதையும் கொண்டுவரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உப்பும் எண்ணெயும் பட்ட உறையை மான் விடாது, அது வயிற்றுக்குள் போனால் வெளியே வராது. மானுக்குத் தீனி கொடுப்பதும் கிடையாது. கொம்பன் நின்றால் பத்து எட்டுத் தள்ளித்தான் நிற்பது. குரங்கு வந்தால் சாப்பாட்டை மூடிவிட்டு எழும்புவது. பல்லைக் காட்டிச் சிரித்தால் அதற்கு அது சண்டை.

உடுப்பு: வெளிர் நிறத்தில் நீளக்கை சட்டை, நீளக் காற்சட்டை, தொப்பி, பழைய சப்பாத்து. டெங்கு நுளம்பு கடிப்பது காலையிலும், நாம் வெளியே போகும் அதே பின்னேரத்திலும்தான். 2017இல் கிண்ணியா பட்ட பாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும்

வந்ததும் ஓட விடுங்கள். காலையிலிருந்து கதிரையில் இருந்த பிள்ளை அது. எல்லையைக் காட்டி, "இந்த மரத்திலயிருந்து அந்த மதில் மட்டும்" என்று சொல்லி, கால்மணி நேரம். விசில் இரண்டு தரம் ஊதினால் எந்த மரத்தடிக்கு வரவேண்டும் என்பதை முதல் நாளே நாலைந்து தடவை விளையாட்டாகப் பழக்குங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

பிறகு வட்டமாக இருந்து மூன்று நிமிடம் கேட்பது. கண்ணை மூடி, கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். முதல் வாரம் எல்லோரும் ஓட்டோவையும் காகத்தையும் சொல்வார்கள். ஆறாவது வாரம் செண்பகப் பறவை, அணில், காய்ந்த பனையோலை உரசுவது, அலை என்று விரல் போதாமல் போகும். புரட்டாதி, ஐப்பசிக்குப் பிறகு வளவுகளில் ஆறுமணிக் குருவி வந்திருக்கும். மாலை இறங்கும் நேரத்தில் அது கூப்பிடும், அதனால்தான் அந்தப் பெயர். அதன் குரல் கேட்டால் வீட்டுக்குப் போகும் நேரம் என்று எங்கள் பிள்ளைகள் தாங்களே முடிவுசெய்துவிட்டார்கள். வேறு மொழிப் பிள்ளைகளும் கலந்திருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளட்டும். காகம் உங்களுக்குக் காகம், பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்குக் கபுடா. இரண்டுமே கத்துகிற சத்தத்திலிருந்து வந்த மாதிரித்தான் இருக்கிறது.

அடுத்த நாற்பது நிமிடம்தான் விஷயம், அதில் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஒன்றைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ரீச்சர்மாருக்கு இது சுலபமில்லை. மழை படாத உலர்ந்த மணலில், மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ, புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அதற்குள் ஒளிந்திருக்கும் பூச்சிதான் குழியானை. ஒரு எறும்பு விளிம்பில் சறுக்கினால் அடியிலிருந்து மணலை வீசி விழுத்தும். இதை ஒருமுறை கண்ட பிள்ளை அரைமணி நேரம் குப்புறப் படுத்திருக்கும். எறும்பைப் பிடித்துப் போடலாமா என்ற வழக்கு கட்டாயம் வரும். எங்கள் குழுவில் ஒரு சாரார் பாவம் என்றார்கள், மறுசாரார் குழியானைக்கும் பசிக்கும் என்றார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு சிறுமி துரும்பால் மணலைச் சுரண்டி ஏமாற்றிப் பார்த்தாள். குழியானை ஏமாந்தது, எல்லோருக்கும் திருப்தி.

மான் நடந்த மணலில் குளம்படி பதிந்திருக்கும். கரையில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியின் இலையை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு பிளவு, ஒரே சாயல். ‘ஆட்டுக்கால் அடம்பு’ என்று பழையவர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியைச் சொல்லி, தனிக்கொடியை இழுத்துப் பார்க்கவும் திரளாகச் சேர்த்து இழுக்கவும் விடலாம். பிடுங்கத்தான் கூடாது, மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். மணல்மேட்டில் முள்முள்ளாக நிற்கும் புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயர். சிங்களத்தில் மகா இராவணா றெவுல, அதாவது தாடி. கோணேசர் மலைப் பாறையில் இராவணன் வெட்டுள்ள ஊரில் இதைவிடப் பொருத்தமான புல் ஏது. அதன் பந்து போன்ற விதைத்தலை காய்ந்து கழன்று, காற்றில் கரையெல்லாம் உருண்டோடும். துரத்துவதற்கு வேறு விளையாட்டுச் சாமான் தேவையில்லை.

முடிவில் கைகழுவிச் சாப்பிட்டு, ஒவ்வொருவரும் இன்று கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு எடுத்துப்போவது விழுந்த இலை, விழுந்த விதை மட்டும். முருகைக்கல் வேண்டாம், அது சட்டப்படியும் பிழை.

எதற்குப் பயப்பட வேண்டும்

கடலுக்கு. அலையிலிருந்து பத்து எட்டுத் தள்ளி மணலில் ஒரு கோடு கிழியுங்கள், பெரியவர் ஒருவர் கடலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே, பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்கட்டும். அவர் கையில் போன் இருக்கக்கூடாது. குளிப்பது இந்த வகுப்பில் இல்லவே இல்லை. வாடைக் காலத்தில் கரைக்கே போகவேண்டாம். கடல் திடீரென்று உள்வாங்கினால் மேட்டை நோக்கி ஓடுவது என்பதை 2004ஐக் கண்ட ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதையாகவாவது சொல்லி வையுங்கள். கரையில் ஒதுங்கிய சொறிமுட்டையைத் தொடக்கூடாது. கூம்பு வடிவச் சங்கு உள்ளே உயிரோடிருந்தால் கொட்டும், அதன் விஷம் ஆளையே கொல்லக்கூடியது. ஆகவே சங்கு எதுவானாலும் பெரியவர் பார்த்த பிறகுதான் கையில்.

இடிமுழக்கம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள். மரத்தடியும் கரையும் அப்போது ஆபத்தான இடங்கள். கடைசி முழக்கம் கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இது பின்னேரத்தில்தான் வரும்.

செடிகளில் மஞ்சள் அலரியை முதல் நாளே காட்டி, "இது வாயில வைக்கிறதில்லை" என்று சொல்லுங்கள். குன்றிமணியும் அப்படியே, அழகாக இருப்பதால் இன்னும் மோசம். எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது. கண்டல் பக்கம் போனால் தில்லை மரத்துப் பாலும் அதே.

பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, பின்னால் எட்டு வைத்து விலகுவது. கல் எறிவதில்லை. புற்றுக்குள், கல்லிடுக்குக்குள் கைவிடுவதில்லை. கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். மண்ணுக்குள் அடையாளம் தெரியாத இரும்புச் சாமான் எது தெரிந்தாலும் தொடாமல், இடத்தை விட்டு விலகி, பொலிசுக்குச் சொல்வது.

சேறு, சிராய்ப்பு, எறும்புக்கடி இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. பெற்றோர் பயப்படுவார்கள், அதற்குக் கீழே வருகிறேன். மான், மாடு படுத்த இடத்தில் உண்ணி இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த மாதம் தொடங்குவது

தை கடைசி. மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, வெயில் இன்னும் ஏறாத காலம், தவளையும் தும்பியும் தாராளம். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும். வறுத்த கச்சானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளைக்கு விளக்க வேண்டியிருக்கும். அது அடிக்கும் நாளில் மணல் முகத்தில் அறையும், நாலரைக்குக்கூட அனல் போகாது. அப்போது கரையை விட்டு வளவுக்கு மாறுங்கள். வேப்பம்பழம் விழும், பட்டம் விடலாம். கார்த்திகை, மார்கழியில் அடைமழை நாட்களை விட்டுவிட்டு, விட்டு விட்டுப் பெய்யும் நாட்களில் கூடுங்கள். மரவட்டை சுருள்வதைப் பார்க்க வேறு காலம் கிடைக்காது.

வருடத்தில் ஒருநாள் மட்டும் நேரச் சட்டத்தை மீறலாம். மழையில்லாத ஒரு போயா நாளில் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்குக் கரைக்கு வாருங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் போக, முன்னால் கடலுக்குள்ளிருந்து முழுநிலவு எழும்பும். மேற்குக் கரைக்காரருக்கு இது வாய்க்காது.

பெற்றோர்

காசு பெரிதாக வாங்காதீர்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்குமான பங்கு போதும், முறை வைத்து அம்மாமார் கொண்டுவந்தால் அதுவும் வேண்டாம். வட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் முகப்படம் போடுவதில்லை என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். குழியானைப் படம் போடலாம்.

"ஐஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் வருது, இதுக்கெல்லாம் நேரமில்லை" என்பார்கள். வாதாட வேண்டாம். கண்ணைப் பற்றிப் பேசுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள். வழமைபோல் படித்த பள்ளிகளில் 100க்கு ஏறக்குறைய 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு. 2015இல் வெளியான ஆய்வு அது. வாரத்தில் ஒருநாள் அந்த 40 நிமிடத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். மற்ற நாளும் பிள்ளையை வாசலில் விளையாட விடுவார்கள்.

சேறு பட்ட சட்டைக்கு முகம் சுளிக்கும் அம்மாவை ஒருநாள் உதவிக்கு வரச்சொல்லுங்கள். என் குழுவில் அப்படி வந்த ஒருவர், குழியானைக்கு முன்னால் சாறியோடு குந்தியிருந்து, "சின்னனில நாங்க இதப் பிடிச்சுப் புறங்கையில விடுறனாங்க" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. வீட்டுக்குப் போனதும் "இண்டைக்கு என்ன படிச்சனீ?" என்று கேட்பார்கள், பிள்ளை "ஒண்டுமில்லை" என்று சொல்லும், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. அதனால் கூட்டிப்போக வரும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்புங்கள்: "குழிக்குள்ள இருந்த ஆள் இண்டைக்கு எறும்பு பிடிச்சதோ?"